ஏற்காடு ஏறினால் கணினி குளிருமா?

சித்திரை வெயில் சேலத்தைச் சுடத் தொடங்கியதும் ஏற்காட்டுப் பேருந்துகளில் கூட்டம் பெருகிவிடுகிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போய் இறங்கினால், கீழே வியர்த்த உடம்புக்கு மேலே சிலிர்ப்புத் தட்டுகிறது. மனிதர்கள் வெப்பத்திலிருந்து தப்ப மலை ஏறலாம். கணினி?

கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் கணினியில் விளையாடும் மாணவர்களுக்குக் கோடைத் தொல்லை ஒன்று நன்றாகத் தெரியும். பிற்பகல் இரண்டு மணிக்கு விளையாட்டு சீராகத் தொடங்கும். கால் மணி நேரத்தில் உள்ளே விசிறி இரையும். பிறகு திரையில் படம் திக்கித் திக்கி நகரும். அதே கணினியில் அதே விளையாட்டு மார்கழி இரவில் தடையில்லாமல் ஓடியிருக்கும். படத்தொகுப்பு, முப்பரிமாண வரைபடம் போன்ற கடினமான வேலைகளுக்கும் இதே கதிதான். கணினி பழையதாகிவிட்டது என்று எண்ணிப் பெற்றோரிடம் புதியது கேட்பவர்கள் உண்டு. பல வீடுகளில் கணினியின் வயது இதற்குக் காரணமன்று. அதனுள் பிறக்கும் வெப்பம் வெளியேற வழி தெரியாமல் தவிக்கிறது, அவ்வளவுதான்.

இந்தச் சிக்கலை அவிழ்க்கப் பெரிய படிப்பு தேவையில்லை. உங்கள் பாடப் புத்தகத்தில் உள்ள ஓம் விதியே போதும். எப்படி என்று காண்போம்.

வெப்பம் பிறக்கும் இடம்

கணினியின் மூளை எனப்படும் செயலி ஒரு சிலிக்கான் சில்லு. அதில் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு நுண்ணிய சுவிட்சு. அது திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் சிறிதளவு மின்னூட்டம் உள்ளே சென்று வெளியே வருகிறது. அந்த ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. ஒரு சுவிட்சின் வெப்பம் மிகமிக அற்பம். ஆனால் கோடிக்கணக்கான சுவிட்சுகள் விநாடிக்குப் பல நூறு கோடி முறை துடிக்கும் தாளத்தில் இயங்கும்போது அற்பங்கள் மலையாகக் குவிகின்றன.

மின்விசிறி மின்சாரத்தை வாங்கிக் காற்றை நகர்த்துகிறது. விளக்கு ஒளியைத் தருகிறது. செயலி எந்தச் சுமையையும் தூக்குவதில்லை. அது வாங்கும் மின்னாற்றல் ஏறக்குறைய முழுவதும் இறுதியில் வெப்பமாகவே வெளிப்படுகிறது. ஆகவே 100 வாட் வாங்கும் செயலி என்பது, வெப்பக் கணக்கில், 100 வாட் அடுப்புக்குச் சமம்.

1971-இல் வெளிவந்த இன்டெல் 4004 செயலியில் இருந்தவை சுமார் 2,300 டிரான்சிஸ்டர்களே. அது எடுத்துக்கொண்ட திறனும் ஒரு வாட் அளவே. அதற்கு விசிறி தேவைப்படவில்லை. இன்று விளையாட்டுக் கணினிகளில் பொருத்தப்படும் உயர்ரகச் செயலிகளில் சில, முழு வேகத்தில் 250 வாட் வரை எடுத்துக்கொள்கின்றன. அவற்றின் சில்லு சுமார் இரண்டரைச் சதுர சென்டிமீட்டர். உங்கள் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 வாட்! துணி தேய்க்கும் மின்பெட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1000 வாட் பெட்டியின் அடிப்பரப்பு சுமார் 200 சதுர சென்டிமீட்டர் எனக் கொண்டால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட்தான். செயலி அதைப் போல் இருபது மடங்கு செறிவான அடுப்பு.

இத்தகைய செயலிகளுக்கு 90 முதல் 100 டிகிரி செல்சியஸை ஒட்டி ஓர் எல்லை வகுக்கப்பட்டிருக்கிறது. சில்லுக்குள்ளேயே வெப்பநிலையை அளக்கும் உணரிகள் உள்ளன. எல்லையைத் தொட்டதும் செயலி தானாகவே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். திரையில் படம் திக்குவது அப்போதுதான். அது பழுது அன்று. செயலி தன்னைக் காத்துக்கொள்ளும் முறை. அதையும் மீறி வெப்பம் ஏறினால் கணினி தானே அணைந்துவிடும்.

வெப்பத்திற்கும் ஓர் ஓம் விதி

மின்னழுத்த வேறுபாடு இருந்தால் மின்னோட்டம் பாயும். அவ்வாறே வெப்பநிலை வேறுபாடு இருந்தால் வெப்பம் பாயும். பாதையில் தடை அதிகமானால், அதே ஓட்டத்தைச் செலுத்த அதிக வேறுபாடு வேண்டும். இரண்டும் ஒன்றுபோல் இருப்பது தற்செயல் அன்று. பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே வெப்பப் பாய்வின் கணிதத்தை 1822-இல் நூலாக வெளியிட்டார். ஜெர்மானியரான ஜார்ஜ் ஓம் அந்தக் கருத்துகளைப் பின்பற்றியே மின்சாரத்தை ஆராய்ந்து 1827-இல் தம் விதியை வெளியிட்டார். மின்சார விதி வெப்பத்திடம் கற்ற பாடம்!

மின்னோட்டத்திற்குப் பதில் வாட், மின்னழுத்த வேறுபாட்டிற்குப் பதில் வெப்பநிலை வேறுபாடு என்று வைத்துக்கொண்டால் நமக்குக் கிடைக்கும் சமன்பாடு இது:

செயலியின் வெப்பநிலை = சுற்றுக்காற்றின் வெப்பநிலை + (வாட் × வெப்பத் தடை)

வெப்பத் தடையின் அலகு, ஒரு வாட்டுக்கு இத்தனை டிகிரி என்பது. ஓர் எடுத்துக்காட்டு: செயலி 100 வாட், சில்லிலிருந்து காற்று வரை மொத்தத் தடை, வாட்டுக்கு 0.4 டிகிரி. சேலத்தில் ஓர் ஏப்ரல் பிற்பகலில் அறைக் காற்று 38 டிகிரி எனில், செயலி 38 + 40 = 78 டிகிரியில் நிற்கும்.

சமன்பாட்டின் வலப்பக்கத்தில் மூன்றே உறுப்புகள் உள்ளன: காற்று, தடை, வாட். செயலியைக் குளிர்விக்க உலகில் எத்தனை கருவிகள் விற்கப்பட்டாலும், அவை இந்த மூன்றில் ஒன்றைத்தான் மாற்ற முடியும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சில்லிலிருந்து காற்று வரை

முதலில் தடை. சில்லின் மேல் ஓர் உலோக மூடி, அதன்மேல் ஹீட் சிங்க் எனப்படும் உலோக அடுக்கு, அதன்மேல் விசிறி. வெப்பத்தின் பாதை இதுவே.

இரண்டு உலோகப் பரப்புகளை அழுத்தி வைத்தால் அவை முழுவதும் ஒட்டிக்கொள்வதாக நம் கண்ணுக்குத் தெரியும். உருப்பெருக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமும் தெரியும். பள்ளங்களில் காற்று சிறைப்பட்டிருக்கும். காற்று வெப்பத்தை மிக அரிதாகக் கடத்தும் பொருள். அந்தக் காற்றை வெளியேற்றி இடத்தை நிரப்பவே, கடைகளில் தெர்மல் பேஸ்ட் என்று விற்கப்படும் களிம்பைத் தடவுகிறார்கள். அது காற்றைவிடப் பல மடங்கு நன்றாகவும், உலோகத்தைவிட மிக மோசமாகவும் வெப்பத்தைக் கடத்தும். எனவே பள்ளங்களை நிரப்பும் அளவே போதும். தடிமனாக அப்பினால் தடை கூடிவிடும். ஆண்டுகள் பல ஆனால் களிம்பு காய்ந்து வெடிக்கும். அப்போது புதிதாகத் தடவ வேண்டும்.

ஹீட் சிங்க்கின் தகடுகள் பெரும்பாலும் அலுமினியம். இங்கே சேர்வராயன் மலைக்கும் ஓர் உறவு உண்டு. இம்மலையின் பாறை, நெடுங்காலம் மழையிலும் வெயிலிலும் சிதைந்தது. நீரில் கரையக்கூடியவை அடித்துச் செல்லப்பட்டன. கரையாத அலுமினிய, இரும்புச் சேர்மங்கள் மேட்டுப் பரப்புகளில் தங்கின. அதுவே பாக்சைட். மேட்டூரில் 1960-களில் தொடங்கப்பட்ட மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, இம்மலையின் பாக்சைட்டைக் கொண்டு அலுமினியம் செய்துவந்தது. அந்த உற்பத்தி பின்னர் நின்றுவிட்டது. பாக்சைட்டைத் தூய்மையாக்கினால் கிடைக்கும் அலுமினா என்னும் வெள்ளைத் தூள், சில வகைக் களிம்புகளிலும் கலக்கப்படுகிறது. அது வெப்பத்தைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. மின்சுற்றுகளின் நடுவே தடவும் பொருளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

செம்பு அலுமினியத்தைவிடச் சிறந்த கடத்தி. ஆனால் அதன் அடர்த்தி அலுமினியத்தைப் போல் மூன்று மடங்குக்கும் மேல், விலையும் அதிகம். எனவே சில்லைத் தொடும் அடிப்பகுதியைச் செம்பிலும் தகடுகளை அலுமினியத்திலும் செய்வது வழக்கம். தகடுகள் எதற்கு? காற்று ஒரு சோம்பேறிச் சுமைகூலி. அது நிறைய வெப்பத்தைத் தூக்கவேண்டுமானால் நிறையப் பரப்பைத் தொடவேண்டும். 12 சென்டிமீட்டர் நீளமும் 5 சென்டிமீட்டர் அகலமும் உள்ள 50 தகடுகளை அடுக்கினால், இருபுறமும் சேர்த்து 6,000 சதுர சென்டிமீட்டர் பரப்பு கிடைக்கிறது. இது இரண்டரைச் சதுர சென்டிமீட்டர் சில்லின் பரப்பைப் போல் 2,400 மடங்கு!

அடிப்பகுதியிலிருந்து தகடுகளுக்கு வெப்பத்தை விரைந்து கொண்டுசெல்வது வெப்பக் குழாய். இதைப் புரிந்துகொள்ள மீண்டும் ஏற்காட்டுக்குப் போவோம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,515 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. ஆகவே அங்கே தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே, சுமார் 95 டிகிரியில் கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகக் கூடுதல் நேரம் பிடிப்பது இதனால்தான். அழுத்தம் இன்னும் வெகுவாகக் குறைந்தால்? கையைச் சுடாத வெப்பநிலையிலேயே தண்ணீர் கொதிக்கும்! வெப்பக் குழாயில் செய்திருப்பது அதுவே. செம்புக் குழாயிலிருந்து காற்றை நீக்கி, சிறிதளவு நீரை விட்டு மூடிவிடுகிறார்கள். சில்லின் பக்கம் நீர் ஆவியாகிறது; தகடுகளின் பக்கம் ஆவி மீண்டும் நீராகி வெப்பத்தை விடுகிறது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல், குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைப் படலம் நீரைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் 1963-இல் இதை உருவாக்கிக் காட்டினார். விண்வெளிக் கலங்களுக்குப் பயன்பட்ட இக்கருவி இன்று மடிக்கணினிக்குள்ளும் இருக்கிறது.

மலைமேல் நடப்பது என்ன?

இப்போது காற்றுக்கு வருவோம். மலை ஏறினால் சூரியனுக்கு அருகில்தானே போகிறோம், ஏன் குளிர்கிறது என்று கேட்கலாம். சூரியனின் தொலைவோடு ஒப்பிட்டால் மலையின் உயரம் ஒரு பொருட்டே அல்ல. மேலே அழுத்தம் குறைவாதலால் மேலெழும் காற்று விரிவடைகிறது. விரிவடையும் காற்று குளிர்கிறது. சராசரியாகக் கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி குறைவு. சேலம் சுமார் 278 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏற்காடு அதைவிட ஏறக்குறைய 1,240 மீட்டர் மேலே. ஆகவே 8 டிகிரி வேறுபாடு. சேலத்தில் 38 எனில் ஏற்காட்டில் 30.

அப்படியானால் நம் செயலி 78-லிருந்து 70-க்கு இறங்கிவிடுமா? அவசரப்பட வேண்டாம். காற்று குளிர்ந்தது மட்டுமன்று, மெலிந்தும் இருக்கிறது. சேலத்துக் காற்று ஒரு கனமீட்டர் சுமார் 1.10 கிலோ, ஏற்காட்டில் சுமார் 0.97 கிலோ. 12 விழுக்காடு குறைவு. விசிறி அதே வேகத்தில் சுழன்று அதே கன அளவுக் காற்றைத்தான் தள்ளும். அந்தக் காற்றில் பொருண்மை குறைவு. ஆகவே அது சுமக்கும் வெப்பமும் குறைவு.

ஒரு கணக்கு: கணினி முழுவதும் சேர்த்து 300 வாட் வெப்பம், பெட்டியின் விசிறிகள் விநாடிக்கு 25 லிட்டர் காற்றை இழுக்கின்றன. சேலத்தில் அந்தக் காற்று 11 டிகிரி சூடேறி வெளியேறும். ஏற்காட்டில் அதே காற்று 12 டிகிரிக்கும் சற்று மேல் சூடேற வேண்டியிருக்கும்.

செயலியின் கணக்கையும் திருத்துவோம். மொத்தத் தடையான 0.4-இல், சில்லிலிருந்து தகடு வரை 0.15 என்றும், தகட்டிலிருந்து காற்றுக்கு 0.25 என்றும் கொள்வோம். முதற்பகுதி திண்மப் பொருள்களின் பாதை. அது மலையையும் சமவெளியையும் அறியாது. காற்றுப் பகுதி மட்டும் 12 விழுக்காடு கூடி 0.28 ஆகும். மொத்தம் 0.43. ஏற்காட்டில் செயலியின் வெப்பநிலை 30 + 43 = 73 டிகிரி. மலை 8 டிகிரியைக் கொடுத்து, 3 டிகிரியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நமக்கு மிச்சம் 5.

இந்தக் கணக்கைப் பொறியாளர்களும் போடுகிறார்கள். ஆஷ்ரே என்னும் அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர் சங்கம், தரவு மையக் கணினிகளுக்கான விதிகளில் ஒன்றாக இதை வைத்திருக்கிறது: ஒரு வகைக் கணினிகளுக்கு, 900 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும், அறைக் காற்றின் உயர்ந்த அளவை 1 டிகிரி குறைத்துக்கொள்ள வேண்டும். ஏற்காட்டின் உயரத்திற்கு அது 2 டிகிரி. நம் கணக்குக்கு வெகு அருகில் இருக்கிறதல்லவா?

காற்றைவிடக் குளிர முடியுமா?

சமன்பாட்டை மீண்டும் பாருங்கள். தடையைச் சுழியாக்கினாலும் செயலியின் வெப்பநிலை காற்றின் வெப்பநிலைக்குக் கீழே இறங்காது. எத்தனை விசிறி வைத்தாலும் சேலத்துப் பிற்பகலில் 38 டிகிரியே தரைமட்டம். விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை, நகர்த்துகிறது. நீர் ஓடும் குழாய்களைக் கொண்ட குளிர்விப்பானும் அப்படியே. நீர் வெப்பத்தைச் சுமந்து சென்று இறுதியில் அதே அறைக் காற்றிடம்தான் ஒப்படைக்கிறது.

மண்பானை நீர் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக இருக்கிறதே என்று நீங்கள் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. பானையின் புறத்தே நீர் கசிந்து ஆவியாகிப் போய்விடுகிறது. போகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. விசிறியின் கீழ் நமக்குக் குளிர்வதும் வியர்வை ஆவியாவதால்தான். கணினி வியர்ப்பதில்லை!

அப்படியானால் பனிக்கட்டியை வைத்துக் குளிர்வித்தால் என்ன? கூடவே கூடாது. காற்றைவிடக் குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் பனித்துளியாகப் படியும். ஏற்காட்டில் மூடுபனி இறங்கும் நாளில், ஈரப்பதம் 95 விழுக்காடாக இருக்கும்போது, காற்றைவிட ஒரே ஒரு டிகிரி குளிர்ந்தாலே துளி படியத் தொடங்கிவிடும். மின்சுற்றின் மேல் நீர் படிந்தால் விளைவு உங்களுக்குத் தெரியும். இயங்கும் செயலி காற்றைவிடச் சூடாக இருப்பதால் இந்த ஆபத்து அதற்கு இல்லை. ஆனால் மலைக்குளிரில் இரவெல்லாம் கிடந்த மடிக்கணினியை ஈரமான சமவெளிக் காற்றுக்குக் கொண்டுவந்தால், பையைத் திறக்காமல் அரை மணி நேரம் விட்டுவைத்துப் பிறகு இயக்குவது நல்லது.

மூன்றாவது உறுப்பு

காற்றையும் தடையையும் பார்த்தோம். எஞ்சியிருப்பது வாட். பெரும்பாலோர் மறந்துவிடுவது இதைத்தான்.

சுவிட்சுகளின் திறன், மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் அதிர்வெண்ணையும் பொறுத்தது. மின்னழுத்தத்தை 10 விழுக்காடும் அதிர்வெண்ணை 10 விழுக்காடும் குறைத்தால் என்னாகும்? 0.9 × 0.9 × 0.9 = 0.73. வேகத்தில் பத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால், வெப்பத்தில் கால் பங்குக்கும் மேல் குறைகிறது! 100 வாட் செயலி 73 வாட் ஆகிறது. சேலத்திலேயே, அதே 38 டிகிரியில், அதே ஹீட் சிங்க்கோடு: 38 + (73 × 0.4) = 67 டிகிரி.

மலையேறியதால் கிடைத்தது 5 டிகிரி. இருந்த இடத்திலேயே கிடைத்தது 11 டிகிரி. இதற்குச் செலவும் இல்லை. இன்னொரு நன்மையும் உண்டு. சூடான டிரான்சிஸ்டர் மூடியிருக்கும்போதும் சிறிது மின்னோட்டத்தைக் கசியவிடும். சூடு குறைந்தால் கசிவும் குறையும். வெப்பம் வெப்பத்தை வளர்ப்பது போலவே, குளுமை குளுமையை வளர்க்கிறது.

இதற்காகக் கணினியைக் கழற்ற வேண்டியதில்லை. அதன் திறன் அமைப்புகளில் செயலியின் உச்ச வேகத்தைச் சற்றுக் குறைத்து வைக்கலாம். விளையாட்டின் அமைப்புகளில் விநாடிக்கு எத்தனை படங்கள் என்பதற்கு வரம்பு வைக்கலாம். உங்கள் திரை விநாடிக்கு 60 முறைதான் படத்தை மாற்றும் எனில், கணினி 120 படங்கள் வரைவதில் பாதி வீண் உழைப்பு. அந்த வீண் உழைப்பெல்லாம் வெப்பம்.

மற்றவை எளிய காரியங்கள். மடிக்கணினியை மெத்தையின் மேல் வைக்காதீர்கள். அடியில் உள்ள காற்றுத் துளைகள் அடைபட்டுவிடும். அரசு 2011-இல் வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் எத்தனையோ, மெத்தைமேல் மூச்சுத் திணறியிருக்கும்! பின்புறத்தை ஒரு புத்தகத்தின் உயரத்திற்குத் தூக்கி வைத்தால் போதும். மேசைக் கணினியைச் சுவரோடும் மூலையோடும் ஒட்டவைக்காதீர்கள். வெளியேற்றிய சூடான காற்றையே அது மீண்டும் இழுக்கும். தகடுகளுக்கிடையே படிந்த தூசி கம்பளிபோல் காற்றை மறிக்கும். மின்செருகியைப் பிடுங்கிவிட்டு, பெரியவர் ஒருவரின் துணையோடு, விசிறி சுழலாமல் பிடித்துக்கொண்டு, தூரிகையால் துடைக்கலாம். கதவடைத்த சிறு அறையில் 300 வாட் கணினி அறையையே சூடாக்கும். சன்னலைத் திறந்து வையுங்கள்.

செய்து பாருங்கள்

மூன்று ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர்களில் சம அளவு வெந்நீர் ஊற்றி மூடுங்கள். ஒன்றைத் துண்டால் சுற்றி மெத்தைமேல் வையுங்கள். ஒன்றை மேசைமேல் விசிறி இல்லாத இடத்தில் வையுங்கள். மூன்றாவதை விசிறிக் காற்றில் வையுங்கள். பள்ளி ஆய்வுக்கூட வெப்பமானியால் ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை அளந்து, அறை வெப்பநிலையைக் கழித்து, வரைபடம் வரையுங்கள். எது விரைவில் குளிர்கிறது? எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் ஏதேனும் ஒன்று அறைக் காற்றைவிடக் கீழே இறங்குகிறதா? ஒரு வெப்பமானியை வெறுமனே விசிறியின் கீழ் வைத்தும் பாருங்கள். அது இறங்குகிறதா?

ஏற்காட்டில் உறவினர் இருந்தால் அதே சோதனையை அங்கும் செய்யுங்கள். இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மலைக்காற்று கொடுத்தது எவ்வளவு, எடுத்தது எவ்வளவு என்று நீங்களே கணக்கிடலாம். அடுத்த முறை கணினி திக்கும்போது, புதியது வாங்கக் கடைக்குப் புறப்படுமுன் ஒரு தாளை எடுத்து மூன்று சொற்களை எழுதுங்கள்: காற்று, தடை, வாட். எது கூடியிருக்கிறது என்று தேடுங்கள். விடை அங்கேதான் இருக்கும்.